மாமாவின் தூண்டிலில் ஏறிய 14 கால்: கடலடி உயிர் ஒன்று புது இனம் என்று எப்படி முடிவாகிறது?

கொழும்பு முகத்துவாரத்தில் இருந்து உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மாமா நெடுநாள் படகில் தொழிலுக்குப் போகிறவர். சுறாவுக்காக 350 பாகம் ஆழத்தில் அடியில் விட்ட தூண்டிலில், இரையைக் கவ்வியபடியே ஒரு சாண் நீளமான வெளிறிய உயிர் ஒன்று ஏறி வந்திருக்கிறது. பார்க்கப் பெரிய மூட்டைப்பூச்சி போல. எண்ணினால் 14 கால். லன்ச் சீட்டில் சுற்றி வீட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். "இது புது இனமா? அப்படியென்றால் யார் பெயர் வைப்பது? எங்கட அம்மம்மாவின் பெயரை வைக்கலாமா?" என்பது கேள்வி.

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வைக்கலாம், விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நீண்ட வழி இருக்கிறது. அந்த வழியைத்தான் சொல்லப்போகிறேன். அதை எறியாமல் வைத்த மாமாவுக்கு என் நன்றியையும் சொல்லிவிடுங்கள். இப்படி ஏறி வருபவற்றில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே திரும்பக் கடலுக்குப் போய்விடுகின்றன.

நீங்கள் காலை எண்ணிச் சொன்னது பெரிய உதவி. இறால், நண்டு, சிங்க இறால் எல்லாம் பத்துக்காலிகள். ஏறத்தாழ ஒரே மாதிரியான ஏழு சோடி நடக்கும் கால்கள், மேலிருந்து தட்டையாக அழுத்திய உடல், துண்டு துண்டான ஓடு என்றால் அது ஐசோபொட், தமிழில் சமபாதி. அதிலும் ஒரு சாண் நீளம், 600 மீட்டருக்கு மேல் ஆழம், செத்த இரையைத் தேடி வந்தது என்றால் பத்திநோமஸ் என்ற சாதி என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம். (பள்ளிப் புத்தகத்தில் சாதி என்று படிப்பதைத் தமிழ்நாட்டில் பேரினம் என்று எழுதுவார்கள்.) 350 பாகம் என்பது ஏறத்தாழ 640 மீட்டர். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதால் அங்கே இந்த உயிரின் மேல் 65 வளிமண்டல அழுத்தம் இருந்திருக்கும். உடலுக்குள் மீனுக்குப் போலக் காற்றுப்பை இல்லாததால்தான் அது வெடிக்காமல், உருக்குலையாமல் உங்கள் வீடு வரை வந்திருக்கிறது.

அங்கே உணவு எப்போதாவதுதான் வரும். செத்த மீனோ திமிங்கிலமோ மேலிருந்து விழுந்தால் வயிறு முட்டத் தின்றுவிட்டு நீண்ட காலம் சும்மா கிடக்கும். ஜப்பானில் தோபா நீர்வாழ் காட்சியகத்தில் இருந்த ஒன்று 2009 ஜனவரியில் ஒரு மீனைத் தின்றது. அதன் பிறகு ஒன்றும் தொடாமல் ஐந்து ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்து, 2014 பெப்ரவரியில்தான் செத்தது. மாமாவின் இரையை அது விடாமல் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

சாதி இன்னதென்று சொல்வது சுலபம். இனம் எது என்று சொல்வதுதான் கடினம், அதைப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. புது இனத்தைக் கடலில் கண்டுபிடிக்கிறார்கள் என்றுதான் செய்திகளில் வரும். கடலில் கிடைப்பது ஒரு விலங்கு மட்டும். அது புதிது என்பது மேசையில்தான் தெரியவரும், அதுவும் இதுவரை தெரிந்த ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்து "இது நீ இல்லை, இதுவும் நீ இல்லை" என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு. பழையதை எவ்வளவு ஆழமாகப் படித்தோமோ அவ்வளவுக்குத்தான் புதியது கண்ணில் படும். இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்து நான் திடமாகச் சொல்லக்கூடியது இதுதான்.

பத்திநோமஸ் கதையே இதற்குச் சாட்சி. முதல் இனத்தை 1879 இல் பிரெஞ்சு விலங்கியலாளர் அல்போன்ஸ் மில்ன் எட்வர்ட்ஸ் மெக்சிக்கோ வளைகுடாவில் கிடைத்த ஒன்றை வைத்து விவரித்தார். கிகாந்தியஸ், அதாவது இராட்சத அளவுடையது, என்று பெயர். பிறகு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பல் வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் ஆழத்தில் வலை இழுத்தபோது இங்கேயும் பெரிய சமபாதிகள் கிடைத்தன. கப்பலில் மருத்துவராக இருந்த அல்கொக் முதலியோர் அவற்றையும் கிகாந்தியஸ் என்றே எழுதினார்கள். அட்லாண்டிக் கடலில் ஒன்று, நம் பக்கத்துக் கடலில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர். நூறு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 2006 இல் லோரி, டெம்ப்சி என்ற இருவர் இந்து, பசிபிக் பெருங்கடல்களின் பத்திநோமஸ் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துப் பிரித்தபோது, இந்தியக் கடலில் இருப்பதற்குக் கீபிளி என்று தனிப் பெயர் வந்தது. ஆகவே உங்கள் ஐஸ் பெட்டியில் இருப்பதை முதலில் ஒப்பிட வேண்டியது கீபிளியோடு. அதுவாகவே இருக்கலாம். அதில் ஏமாற ஒன்றும் இல்லை. நம் கடலில் இன்ன இடத்தில், இன்ன ஆழத்தில் அது இருக்கிறது என்ற பதிவுக்கும் மதிப்பு உண்டு.

ஒப்பிடுவது எப்படி? மேசை வரை உங்களைக் கூட்டிப்போகிறேன்.

விலங்கை அற்ககோலில் இருந்து எடுத்துத் தட்டில் வைத்ததும் முதலில் வால் பலகையைப் பார்ப்போம். உடலின் கடைசித் துண்டு விசிறி போல அகன்று, ஓரத்தில் முட்கள் வரிசையாக நிற்கும். எத்தனை முள் என்று எண்ணுவோம். பிறகு பக்கவாட்டில் திருப்பி, முட்கள் நேராக நீட்டி நிற்கின்றனவா, நுனி மேல்நோக்கி வளைகிறதா என்று பார்ப்போம். கிகாந்தியஸில் 11 முள், நேரானவை. வால் பலகையின் இரு பக்கமும் இருக்கும் துடுப்புப் போன்ற உறுப்பில் ஓர முட்கள் எத்தனை, மூலை கூரா மழுங்கலா. உணர்கொம்பைப் பின்னால் மடக்கினால் எந்தத் துண்டு வரை எட்டுகிறது. வாய்க்கு மேலே உள்ள தகடு எந்த வடிவம். முதல் மூன்று சோடிக் கால்களில் எந்தக் கணுவில் எத்தனை முள். ஆணாக இருந்தால் இரண்டாம் நீந்து காலில் உள்ள மெல்லிய ஆணுறுப்புத் தண்டின் நீளம். இவ்வளவும் எழுத்தில்.

அதற்குப் பிறகு வாயைக் கழற்ற வேண்டும். எனக்கு இன்றைக்கும் கை நடுங்கும் கட்டம் இதுதான். நுணுக்குக்காட்டியின் கீழ், பூச்சி குத்தும் ஊசியை விட மெல்லிய இரண்டு ஊசிகளால், தாடை உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடியோடு விடுவித்து, ஒரு சொட்டுக் கிளிசரினில் கண்ணாடித் தகட்டில் விரிப்போம். இடது பக்கத்தை மட்டும்தான் கழற்றுவது வழக்கம். வலது பக்கம் முழுசாக இருக்கட்டும், பின்னால் வருகிறவர் பார்க்க வேண்டுமே என்று. ஒவ்வொன்றையும் நுணுக்குக்காட்டியோடு பூட்டிய வரைகருவி வழியாகப் பென்சிலால் வரைவோம். புகைப்படம் இருக்கும்போது ஏன் வரைய வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். வரையும்போதுதான் ஒவ்வொரு மயிரும் எங்கிருந்து முளைக்கிறது என்று கண் கேட்கிறது. புகைப்படம் அந்தக் கேள்வியைக் கேட்காது.

ஒரு விலங்கை மட்டும் பார்த்து அவசரப்படக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டது ஒரு சிவப்பு இறாலிடம். வேலைக்கு வந்த புதிதில், ஆழத்தில் இழுத்த ரோலர் வலையில் வந்த இறால்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சிலவற்றுக்குத் தலைமுள் நீண்டு உணர்கொம்பின் அடித்தண்டைத் தாண்டிப் போனது. சிலவற்றுக்கு மொட்டையாகக் கட்டையாக இருந்தது. இரண்டு இனம் என்று இரண்டு போத்தலில் போட்டு, ஒன்று புதிது என்று நம்பி இரவு முழுக்கத் தூங்கவில்லை. காலையில் எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்த மூத்தவர் கட்டை முள் இறாலை மல்லாத்தி, முதல் நீந்து கால்களுக்கு நடுவே ஊசியால் தொட்டுக் காட்டினார். ஆண் இறாலுக்கு மட்டும் உள்ள இணைப்புறுப்பு அங்கே இருந்தது. மற்றப் போத்தலில் இருந்தவை எல்லாம் பெண். அரிஸ்டியஸ் அல்கொக்கி என்ற ஒரே இனம்; அந்தச் சாதியில் வளர்ந்த ஆணுக்குத் தலைமுள் கட்டை, பெண்ணுக்கு நீளம். சமபாதிகளிலும் இப்படி ஏமாறலாம். தாயின் பையை விட்டு அப்போதுதான் வெளியே வந்த குஞ்சுக்கு ஏழாவது சோடிக் கால் முளைத்திருக்காது, 12 கால்தான். அதை வைத்துப் புது இனம் எழுதினால் வெட்கம். ஆண், பெண், இளசு என்று சிலதையாவது பார்க்க முடிந்தால்தான் மனம் துணியும்.

அந்த இறாலின் பெயரைத் திரும்பப் பாருங்கள்: அல்கொக்கி. முன்பு சொன்ன அதே அல்கொக் நினைவாக, எகிப்தைச் சேர்ந்த ரமதான் 1938 இல் வைத்த பெயர். 1933 இல் மபாஹிஸ் என்ற எகிப்தியக் கப்பல் புறப்பட்டு அரபிக் கடலையும் இந்து சமுத்திரத்தையும் ஆராய்ந்தது. கொழும்பிலும் நங்கூரம் போட்டது. அதில் சேர்ந்தவற்றைத்தான் ரமதான் விவரித்தார். அந்தப் பயணத்தின் தலைவர் சீவெல். மன்னார் வளைகுடாப் பக்கத்தில் ஆழத்தில் கிடைக்கும் சிறிய சிங்க இறாலுக்குப் புவேருலஸ் சீவெல்லி என்று அவர் பெயர். ஆணின் பெயர் என்றால் முடிவில் 'இ', பெண்ணின் பெயர் என்றால் 'ஏ' என்று லத்தீன் முறையில் சேர்ப்பார்கள். உங்கள் அம்மம்மாவுக்கு 'ஏ'.

இனி டி.என்.ஏ. காலில் ஒரு சிறு தசைத் துண்டு போதும். சீ.ஓ.ஐ. என்ற மரபணுவில் ஏறத்தாழ 658 எழுத்துக்களைப் படித்து, ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒப்பிடலாம். மெக்சிக்கோவின் யுகத்தான் கரைக்கு அப்பால் பிடித்து ஜப்பானிய நீர்வாழ் காட்சியகம் ஒன்றில் வைத்திருந்த ஒன்றைக் கிகாந்தியஸ் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். வால் முள்ளின் எண்ணிக்கை கூட ஒன்றுதான். உடல் கொஞ்சம் ஒல்லி, உணர்கொம்பு கொஞ்சம் நீளம் என்ற சந்தேகத்தில் மரபணுவைப் படித்தபோது வேறு என்று தெரிந்து, 2022 இல் யுகத்தானென்சிஸ் ஆனது. ஆனால் மரபணு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 130 வருடத்துக்கு முந்திய மாதிரிகளில் படிக்கக்கூடிய டி.என்.ஏ. பெரும்பாலும் மிஞ்சியிருக்காது. அவற்றோடு பேச நமக்கு இருக்கும் ஒரே மொழி முள்ளும் மயிரும்தான்.

விதிகள் பற்றிச் சுருக்கமாக. விலங்குப் பெயர்களுக்கு ஒரு சர்வதேசச் சட்டக்கோவை உண்டு. லின்னேயஸ் விலங்குகளுக்குப் பெயரிட்ட நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. ஒரே விலங்குக்கு இரண்டு பேர் பெயர் வைத்துவிட்டால் முந்தியதுதான் செல்லும். பெயர், மற்றவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் விவரம், மூலமாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு அளவுகோலாக, ஒரு குறிப்பிட்ட விலங்கு, அது வைக்கப்பட்டுள்ள இடம், இத்தனையும் அச்சான கட்டுரையில் இருக்க வேண்டும். 2012 முதல் இணையத்தில் மட்டும் வெளியாகும் ஆய்விதழும் செல்லும், ஆனால் சூபாங்க் என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பேஸ்புக்கில் போட்ட பெயர் பெயரே அல்ல. ஆகவே, இது புதிது என்றே தெரியவந்தாலும், கட்டுரை வரும்வரை பெயரை வெளியில் விடாதீர்கள், தங்கச்சி. பெயரை எழுதி விவரிப்பவர்தான் அதற்கு உரியவர். கண்டெடுத்தவருக்கு நன்றி எழுதுவதும், சிலவேளை அவர் கேட்ட பெயரையே வைப்பதும் நல்ல மரபு. மாமாவை அந்தக் கட்டுரையில் குறிப்பிட வேண்டும் என்று நீங்கள் உறுதியாகக் கேட்கலாம்.

பெயர் எந்த மொழியிலும் இருக்கலாம், லத்தீன் எழுத்தில் எழுதினால் சரி. ஜாவாவின் தெற்கே 2018 இல் ஒரு பயணத்தில் 950 மீட்டருக்குக் கீழே கிடைத்த பத்திநோமஸுக்கு 2020 இல் ரக்சாசா என்று பெயர் வைத்தார்கள். இந்தோனேசிய மொழியில் இராட்சதன். நம் வாயில் நாள்தோறும் புழங்கும் அதே சொல். வியட்நாமில் குயி நோன் நகரத்து மீன்காரரிடம் 2022 இல் வாங்கிய ஒன்று, அங்கே பெரிய உணவகங்களில் அவித்துப் பரிமாறும் 'கடல் மூட்டைப்பூச்சி', 2025 இல் வேடரி என்ற புது இனமானது. ஒரு கிலோவுக்கு மேல் நிறை. தலை ஆங்கிலத் திரைப்பட வில்லன் டார்த் வேடரின் கவசம் போல இருந்ததாம். எனக்கு அந்தப் பெயரில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் சந்தையில், எல்லோர் கண் முன்னாலும், விலை பேசி விற்றுக்கொண்டிருந்த உயிர் அது என்பதை நினைத்தால் பேலியகொடை மீன் சந்தையில் விடியற்காலையில் என்னால் சும்மா நடக்க முடிவதில்லை. ஒவ்வொரு கூடையையும் எட்டிப் பார்க்கிறேன்.

என் மனதில் மிக ஆழமாகத் தங்கிய பெயர் வேறு. மரியானா அகழியில் 6,000 மீட்டருக்குக் கீழே பிடித்த ஒரு சிறிய ஓட்டுடலியின் குடலில், குடிநீர்ப் போத்தல் செய்யும் அதே வகைப் பிளாஸ்டிக்கின் இழை ஒன்று இருந்தது. 2020 இல் அதற்கு யூரிதெனஸ் பிளாஸ்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் நம் கண்ணெதிரே எரிந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை எங்கும் மணலோடு கலந்து கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரைக்கு வந்ததை அள்ளினோம். அடிக்குப் போனதை யார் தின்றது என்று கேட்டால், அங்கே யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலே நம்மிடம் சரியாக இல்லை.

பெயர் அவசரம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பசிபிக்கில் சுரங்கம் தோண்டக் காத்திருக்கும் கிளாரியன் கிளிப்பர்ட்டன் பகுதியில் உள்ள விலங்கினங்களில் பத்துக்கு ஒன்பது இன்னும் பெயரில்லாதவை என்று 2023 இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. நமக்குத் தென்கிழக்கே அஃபனாசி நிகிதின் கடலடி மலை இருக்கிறது. அதன் கோபால்ட் படிவுகளை ஆராய இந்தியா 2024 இல் விண்ணப்பித்தது, இலங்கை 2009 இலேயே அந்தப் பகுதியும் அடங்கும் தன் கண்டத்திட்டு எல்லைக் கோரிக்கையை ஐ.நா.விடம் கொடுத்திருந்தது. உலோகத்தின் கணக்கை இரண்டு நாடும் எழுதும். அங்கே வாழ்கிறவற்றின் கணக்கை எழுதப் பெயர் வேண்டும். பெயரில்லாத உயிருக்காக எந்த மேசையிலும் வாதாட முடியாது.

கொஞ்சம் வருத்தமான விஷயமும் சொல்லவேண்டும். 1902 இல் பிரித்தானிய விலங்கியலாளர் ஹேர்ட்மன் மன்னார் முத்துக்குளிப்புப் பார்களை ஆராய வந்தபோது சேர்ந்த நண்டு, இறால் வகைகளில் பலதும் புது இனங்களாக விவரிக்கப்பட்டன. சிலோனிக்கா என்ற பெயர் அடிக்கடி வரும். ஆனால் மூலமாதிரிகளில் பெரும்பாலானவை லண்டனில். நம் கடல் நண்டை ஒப்பிட நாம் லண்டனுக்குக் கடிதம் எழுதவேண்டும். கொழும்பு அருங்காட்சியகமோ 1877 இலிருந்து இருக்கிறது, அதன் ஆய்விதழ் ஸ்பொலியா செய்லானிக்கா 1903 இலிருந்து. அதனால் உங்களுடையது புது இனமாக இருந்தால் மூலமாதிரி இந்த நாட்டில் பதிவெண்ணோடு இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வெளிநாட்டிலிருந்து யாராவது "அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டால், அனுமதி இல்லாமல் உயிரியல் மாதிரி அனுப்புவது குற்றம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு காலம் எடுக்கும்? ஒரு விலங்கு பிடிபட்ட நாளுக்கும் அது புது இனமாக விவரிக்கப்படும் நாளுக்கும் இடையே சராசரி 21 ஆண்டு என்று 2012 இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு காலமும் அது போத்தலில் இருக்கும். நான் ஒருமுறை ஒரு நிறுவனத்தின் அலுமாரியில் அப்படி ஒரு போத்தலைத் திறந்தேன். உள்ளே அழகான ஆழ்கடல் நண்டு. கூடவே ஒரு துண்டுக் காகிதம், வெள்ளை வெளேரென்று. போல்பொயின்ட் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். மை முழுக்க அற்ககோலில் கரைந்து போயிருந்தது. எந்தக் கடல், எந்த ஆழம், எந்த வருடம், ஒன்றும் இல்லை. அந்த நண்டால் இனி யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. அன்று அழுதேன்.

ஆகவே இன்றைக்குச் செய்ய வேண்டியது. உயிரை இளகவிட்டுத் திரும்ப உறையவைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தசை கெடும். சாராயத்தில் போடவேண்டாம், அதில் அற்ககோல் மூன்றில் ஒரு பங்களவுதான், அழுகிவிடும். போமலினில் போட்டால் டி.என்.ஏ. போய்விடும். ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும். ஆய்வுகூடத்தில் செறிந்த எதனோலுக்கு மாற்றுவோம். நிறம் முதலில் போகும் என்பதால், வெளியே எடுக்கும் அந்த ஒரு தடவை, பக்கத்தில் அடிமட்டம் வைத்து மேலிருந்து, கீழிருந்து, பக்கத்திலிருந்து, வாலை மட்டும் கிட்டத்தில் என்று நாலு படம் எடுங்கள். முட்களைத் தொட்டு உடைத்துவிடாதீர்கள். மட்டக்குளிக் காக்கைதீவில் உள்ள நாரா என்ற தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கொடுக்கும்போது பதிவெண் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.

அதற்கு முன்னால் மாமாவிடம் கேளுங்கள்: படகின் ஜி.பி.எஸ். காட்டிய இடம், திகதி, தூண்டில் விட்ட ஆழம், என்ன இரை, அந்தத் தூண்டிலில் வேறு என்ன ஏறியது. படகில் இதை அவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றும் கேளுங்கள்; எனக்கு அதைக் கேட்க ஆசை. கெட்டிக் காகிதத்தில் பென்சிலால் எழுதி, காகிதத்தைப் பைக்கு வெளியே ஒட்டாமல் உள்ளே, விலங்கோடு சேர்த்துப் போடுங்கள். மாமா அடுத்த பயணம் போனால் திரும்பி வர ஒரு மாதம் ஆகலாம். இன்று பின்னேரமே கேட்டுவிடுங்கள்.